மில்லினியல் தலைமுறையிடம் சந்தைப்படுத்துவது எப்படி? நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மில்லினியல் என்ற சொல்லைக் கேட்டதும் பல நிறுவனங்களின் சந்தைப்படுத்தல் கூட்டங்களில் இன்றும் ஒரு கல்லூரி மாணவரின் உருவமே மனத்தில் எழுகிறது. 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களே மில்லினியல்கள் என்று அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் வகுத்த வரையறையை எடுத்துக்கொண்டால், இத்தலைமுறையின் கடைசிப் பிள்ளைகளே 2026-இல் 30 வயதை எட்டுகிறார்கள். மூத்தவர்களுக்கு 45 வயதாகிறது. வீட்டுக் கடனையும் குழந்தைகளின் படிப்புச் செலவையும் முதுமையடையும் பெற்றோரின் மருத்துவத்தையும் ஒரே வருமானத்துக்குள் அடக்கப் பாடுபடுபவர்கள் இவர்களில் ஏராளம். அலுவலகத்தில் எந்த மென்பொருளை வாங்குவது, எந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தருவது என்று தீர்மானிக்கும் பொறுப்பிலும் இவர்கள் இருக்கிறார்கள். துள்ளலான இசையும் பளபளக்கும் வண்ணங்களும் இவர்களுக்குப் போதும் என்று நினைத்துச் செலவிடப்படும் பணம் பெரும்பாலும் வீணாகிறது.

இவர்களைப் பற்றி ஒரு நிறுவனம் முதலில் உணர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விளம்பரத்தை இவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் சொல்லப்பட்டதை வேறோர் இடத்தில் சரிபார்த்த பிறகே பணத்தை எடுக்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இவர்கள் வளர்ந்த காலம் காட்டுகிறது. இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994-இல் வந்தபோது இத்தலைமுறையின் மூத்தவர்கள் பள்ளியில் இருந்தார்கள். 2004-இல் பேஸ்புக், 2005-இல் யூடியூப், 2007-இல் ஐபோன் என்று அடுத்தடுத்து வந்தவை, விற்பவரைக் கேட்காமலேயே ஒரு பொருளைப் பற்றி அறிந்துகொள்ளும் வழியை இவர்களுக்குத் திறந்துவிட்டன. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது இவர்களில் பலர் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள், அல்லது முதல் வேலையில் இருந்தார்கள். பெரிய பெயர் இருந்தால் நம்பிவிடலாம் என்ற எண்ணம் தளர்ந்த காலத்தில் சொந்தமாகச் செலவு செய்யத் தொடங்கியவர்கள் இவர்கள். எனவே கீழே வரும் படிகள் அனைத்தும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தவை: உங்கள் வாடிக்கையாளர் உங்களைச் சரிபார்க்க முற்படும்போது அவர் கண்ணில் என்ன படுகிறது?

படி 1: தலைமுறையை வாழ்க்கை நிலைகளாகப் பிரியுங்கள்

தலைமுறை என்பது ஒரே அச்சில் வார்த்த கூட்டமன்று. ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே அனுபவத்தைப் பெறுவதில்லை என்பதைச் சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-லேயே தலைமுறைகளைப் பற்றிய தம் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். சந்தைப்படுத்தலில் இந்த எச்சரிக்கை மிகவும் பயன்படும். ஒரு 32 வயதுக்காரர் சிக்கனமாக இருக்கிறார் என்றால், அது அவர் மில்லினியல் என்பதாலா, அண்மையில் குழந்தை பிறந்ததாலா, அல்லது அந்த ஆண்டில் விலைவாசி ஏறியதாலா என்று பிரித்துப் பார்க்காமல் திட்டம் தீட்டினால் தவறான செய்தியைத் தவறான ஆளுக்கு அனுப்புவோம்.

ஆகவே வயதை ஓரமாக வைத்துவிட்டு, வாங்கும் தருணத்தை அடிப்படையாகக் கொண்டு குழுக்களை வகுத்துக்கொள்ளுங்கள். முதன்முதலாகத் தனி வீட்டுக்குக் குடிபோகிறவர், முதல் குழந்தையை எதிர்பார்ப்பவர், வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குபவர், பெற்றோரின் கவனிப்பை ஏற்றுக்கொண்டவர் என்று அமைகிற குழுக்களுக்குத் தேவையும் அச்சமும் தெளிவாக இருக்கும். அதன்பின் அண்மையில் உங்களிடம் வாங்கியவர்கள் சிலரையும், வாங்க வந்து விலகிப்போனவர்கள் சிலரையும் அழைத்துப் பேசுங்கள். "எங்கள் பொருள் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஒரு பதில்தான் கிடைக்கும். "வாங்குவதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது? யாரிடம் கேட்டீர்கள்? எந்த இடத்தில் தயங்கினீர்கள்?" என்று கேட்டால் உண்மை தானாக வெளிவரும். விலகிப்போனவர்களின் பேச்சைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். உங்கள் விற்பனை அறிக்கையில் அவர்களுடைய குரல் ஒருபோதும் பதிவாவதில்லை.

படி 2: சரிபார்க்கும் பாதையை நீங்களே நடந்து பாருங்கள்

முப்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் துணி துவைக்கும் இயந்திரம் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை உறங்கிய பிறகு, படுக்கையில் சாய்ந்தபடி, கைபேசித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு தேடுகிறார். மாலையில் பார்த்த விளம்பரத்தின் பெயர் நினைவிருக்கிறது. அதைத் தட்டச்சு செய்து, பக்கத்தில் "பிரச்சினை" என்ற சொல்லையும் சேர்க்கிறார். விற்பனைத் தளத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தாண்டி, ஒரு நட்சத்திர விமர்சனங்களை முதலில் திறக்கிறார். இருவர் ஒரே பழுதைச் சொல்லியிருக்கிறார்கள்; நிறுவனத்தின் பதில் எதுவும் அங்கே இல்லை. ஒலியை அணைத்துவிட்டு, யாரோ ஒருவர் தம் வீட்டில் எடுத்த காணொளியை எழுத்துகளோடு பார்க்கிறார். தோழிக்கு ஒரு படத்தை அனுப்பி "இது எப்படி?" என்று கேட்கிறார். கடைசியாக நிறுவனத்தின் தளத்துக்கு வந்து, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் யார் வருவார்கள் என்று தேடுகிறார். அந்தப் பக்கம் பெரிய கோப்பாகத் திறக்கிறது. எழுத்து சிறியதாக இருப்பதால் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, சலித்து, மூடிவிடுகிறார்.

இந்தப் பாதையில் உங்கள் விளம்பரம் வகித்த பங்கு ஒரு பெயரை நினைவில் பதித்தது மட்டுமே. மற்ற ஐந்து இடங்களிலும் முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டது. உங்கள் ஊழியர் ஒருவரிடம் அலுவலகத்துக்கு வெளியே, அலுவலகக் கணக்குகள் எதுவும் இல்லாத ஒரு கைபேசியைக் கொடுத்து, உங்கள் பொருளை முதன்முறையாகத் தேடுபவரைப் போல இந்தப் பாதையில் நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் திரையைப் படமெடுத்து வரிசையாக ஒட்டி வையுங்கள். எந்தக் கேள்விக்கு எங்கே பதில் இல்லை என்பது அந்த வரிசையில் பளிச்சென்று தெரியும். அடுத்த ஆறு மாத விளம்பரத் திட்டத்தை எழுதும் முன் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. ஏனெனில் பாதையில் பள்ளம் இருக்கும்வரை, விளம்பரத்துக்குக் கூடுதலாகச் செலவிடுவது அதிகமானவர்களை அந்தப் பள்ளத்துக்கு அழைத்து வருவதாகவே முடியும்.

படி 3: விமர்சனங்களைச் சந்தைப்படுத்தலின் மையத்துக்குக் கொண்டுவாருங்கள்

பெரும்பாலான நிறுவனங்களில் விளம்பரத்தை ஒரு பிரிவும் விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவதை வேறொரு பிரிவும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டாவது பிரிவுக்கு ஆளும் குறைவு, அதிகாரமும் குறைவு. மில்லினியல் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது.

முதலில், குறையே இல்லாத மதிப்பெண்ணை விரும்புவதை நிறுத்துங்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் நடத்திய ஆய்வில், சராசரி மதிப்பீடு 4.0 முதல் 4.7 வரை இருக்கும்போதுதான் வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருந்தது. ஐந்தை நெருங்கும்போது அது குறைந்தது. எல்லோரும் புகழ்கிற இடத்தில் எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பே. போலி விமர்சனங்களை விலைக்கு வாங்குவதைப் பற்றி நினைத்தும் பார்க்க வேண்டாம். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024-இல் அவற்றைத் தடைசெய்து விதி கொண்டுவந்தது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருமுறை அம்பலமானால் எந்த விளம்பரத்தாலும் அந்தக் கறையைத் துடைக்க முடியாது.

அடுத்து, குறை சொன்னவருக்கு எழுதும் பதிலை, அவருக்குப் பின்னால் நின்று அதைப் படிக்கப்போகும் நூற்றுக்கணக்கானவர்களை நினைத்து எழுதுங்கள். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். எங்கள் வாடிக்கையாளர் சேவையைத் தொடர்புகொள்ளவும்" என்ற பதிலை எல்லோரும் ஆயிரம் முறை பார்த்துவிட்டார்கள், அதில் மனிதர் எவரும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "கதவின் ரப்பர் வளையம் நான்கே மாதத்தில் கிழிந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். மார்ச் மாதத் தயாரிப்பில் சில இயந்திரங்களுக்கு இந்தக் குறை இருந்தது. உங்களுக்குப் புதிய வளையத்தை அனுப்பிவிட்டோம். பொருத்தித் தர எங்கள் ஆள் வருவார். ஏப்ரல் முதல் தடிமனான வளையத்தைப் பயன்படுத்துகிறோம்." குறை என்ன, ஏன் வந்தது, இவருக்கு என்ன செய்தார்கள், இனி வாங்குபவருக்கு அது வருமா என்ற நான்குக்கும் இதில் பதில் இருக்கிறது. இப்படி ஒரு பதிலை எழுதத் தொழிற்சாலையோடு பேச வேண்டும், மாற்றுப் பொருள் அனுப்பும் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தைப் பதில் எழுதுபவருக்குத் தருவதுதான் இந்தப் படியின் உண்மையான வேலை.

படி 4: சொல்வதைச் சுருக்கமாகவும் நேராகவும் சொல்லுங்கள்

2012 மார்ச்சில் டாலர் ஷேவ் கிளப் என்ற சிறு நிறுவனம் சுமார் 4,500 டாலர் செலவில் ஒரு காணொளியை வெளியிட்டது. நிறுவனரே தம் கிடங்கில் நடந்தபடி, இந்தச் சவரக் கத்தி என்ன விலை, எப்படி வீட்டுக்கு வரும், மற்றவற்றுக்கு ஏன் கூடுதலாகப் பணம் கொடுக்கிறீர்கள் என்று பேசினார். இரண்டே நாட்களில் சுமார் 12,000 பேர் பொருள் கேட்டுப் பதிவுசெய்தார்கள். 2016-இல் யூனிலீவர் அந்த நிறுவனத்தை வாங்கியது. நகைச்சுவைதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று பலர் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான வேடிக்கைக் காணொளிகளை எடுத்தார்கள். ஆனால் அந்தக் காணொளியில் விலையும் வழிமுறையும் முதல் நிமிடத்துக்குள் சொல்லப்பட்டுவிட்டன என்பதையும், பேசியவர் நிறுவனத்தின் சொந்தக்காரர் என்பதையும் பலர் கவனிக்கவில்லை. என் கணிப்பில் அவை இரண்டும்தான் கூடுதலாக வேலை செய்தன.

எனவே உங்கள் செய்தியின் முதல் வரியில் பொருள் என்ன செய்யும், யாருக்குப் பொருந்தும், என்ன விலை என்பவை வரட்டும். யாருக்குப் பொருந்தாது என்றும் எழுதுங்கள்; "ஆறு பேருக்கு மேல் உள்ள குடும்பத்துக்கு இந்த அளவு போதாது" என்ற ஒரு வரி, மற்ற வரிகள் அனைத்தின்மீதும் நம்பிக்கையை ஏற்படுத்துகிறது. இளைஞர்களின் கொச்சை வழக்கைக் கடன் வாங்கி எழுதுவதைத் தவிர்க்கலாம். நாற்பதை நெருங்குபவரிடம் பதின்பருவத்தினரின் சொற்களில் பேசும் விளம்பரம் இருவருக்குமே ஒட்டாது. பலர் காணொளியை ஒலியின்றிப் பார்க்கிறார்கள். எழுத்துகள் இல்லாத காணொளி அவர்களுக்கு வெறும் அசையும் படம்.

படி 5: பரிந்துரைப்பவரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரங்களின் மீதான நம்பிக்கையைப் பற்றி நீல்சன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வுகளில், தெரிந்தவர்களின் பரிந்துரையே தொடர்ந்து முதலிடம் பெறுகிறது. 2015 ஆய்வில் பதிலளித்தவர்களில் 83 சதவீதத்தினர் அதை நம்புவதாகச் சொன்னார்கள். சமூக ஊடகங்களில் பலர் பின்தொடரும் இன்ஃப்ளூயன்சர்கள் அந்த நம்பிக்கையின் ஒரு பகுதியை இரவல் வாங்கித் தருகிறார்கள். பின்தொடர்வோரின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவருடைய பதிவுகளின் கீழே மக்கள் என்ன கேட்கிறார்கள், அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பொருளைச் சில வாரங்கள் பயன்படுத்த விடுங்கள். குறையைச் சொல்லும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். பணம் கொடுத்த விளம்பரம் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே தெரிவிக்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் இது சட்டப்படியும் கட்டாயம்.

படி 6: கொள்கையைச் சொல்வதற்கு முன் அதற்கான விலையைக் கொடுங்கள்

மில்லினியல்கள் சமூக அக்கறையுள்ள நிறுவனங்களை விரும்புகிறார்கள் என்ற கருத்து பரவிய பின்பு, அக்கறையையே ஒரு விளம்பர அலங்காரமாக்கும் போக்கும் பரவியது. இங்கே சறுக்கிய நிறுவனங்கள் பல. எனவே மூன்று நிகழ்வுகளைச் சற்று நின்று பார்ப்போம்.

2011 நவம்பரில், அமெரிக்காவில் ஆண்டின் மிகப் பெரிய விற்பனை நாளன்று, பட்டகோனியா நிறுவனம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தன் மேலங்கி ஒன்றின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. அந்த மேலங்கியைத் தயாரிக்க 135 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், அதன் எடையைப்போல் 24 மடங்கு கரியமில வாயு வெளியாகிறது என்றும் அதிலேயே குறிப்பிட்டிருந்தது. வாசகர் அதை நம்பியதற்குக் காரணம், கிழிந்த உடையைத் தைத்துத் தரும் பணியையும் அந்த நிறுவனம் செய்துவந்தது. 2015-இல் ஆர்இஐ என்ற வெளிப்புற விளையாட்டுப் பொருள் நிறுவனம் அதே விற்பனை நாளில் தன் 143 கடைகளையும் மூடி, ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து, எல்லோரும் வெளியே சென்று இயற்கையில் நேரம் செலவிடுங்கள் என்றது. இரண்டிலும் நிறுவனம் எதையோ இழக்கத் துணிந்தது வெளிப்படையாகத் தெரிந்தது.

2017 ஏப்ரலில் பெப்சி வெளியிட்ட விளம்பரத்தில், ஒரு போராட்டக் காட்சியில் மாடல் கெண்டல் ஜென்னர் காவலருக்கு ஒரு குளிர்பானத்தை நீட்டுவார், பதற்றம் தணிந்துவிடும். உண்மையான போராட்டங்களில் மக்கள் அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் காட்சி கடும் கண்டனத்தைக் கிளப்பியது. மறுநாளே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. பிறருடைய வலியைத் தன் பொருளுக்குப் பின்னணியாக்கிக்கொண்ட அந்த விளம்பரத்துக்குப் பின்னால், நிறுவனம் செய்ததாகக் காட்ட எதுவும் இருக்கவில்லை.

ஒரு கொள்கையை விளம்பரத்தில் சேர்க்கும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தயாரித்துக்கொள்ளுங்கள். இதற்காக நாம் எந்த வருமானத்தை விட்டுக்கொடுத்தோம்? நம் சொந்த ஊழியர் ஒருவர் இதைப் படித்தால் ஆம் என்று தலையசைப்பாரா? இதைச் சரிபார்க்க விரும்புபவருக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவோம்? ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டு, செயலை முதலில் தொடங்குங்கள். "இயற்கைக்கு உகந்தது" என்ற பொதுச் சொல்லைவிட, "இந்தப் பெட்டியில் 80 சதவீதம் மறுசுழற்சி செய்த தாள்; மூடி இன்னும் பிளாஸ்டிக்தான், மாற்று தேடுகிறோம்" என்ற வரிக்கு வலிமை அதிகம்.

படி 7: வாங்குவதையும் விலகுவதையும் எளிதாக்குங்கள்

இணையக் கடைகளில் கூடையில் பொருளைப் போட்டவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் வாங்காமலேயே போய்விடுகிறார்கள் என்று பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. வெறுமனே பார்க்க வந்தவர்களை நீக்கிவிட்டால், விலகுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் பெறுவது கடைசிக் கட்டத்தில் கூடும் அனுப்பும் செலவு, வரி, கட்டணம் ஆகியவையே. கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மொத்த விலையைப் பொருளின் பக்கத்திலேயே காட்டுங்கள். கணக்கு இல்லாமலும் வாங்க விடுங்கள். கைபேசியில் ஒற்றைக் கையால், கட்டைவிரலால் இறுதிவரை செல்ல முடிகிறதா என்று நீங்களே சோதியுங்கள்.

சந்தா விற்பவர்கள் நிறுத்தும் பொத்தானை ஒளித்துவைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். சேர்வதற்கு இரண்டு தொடுதல், விலகுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்று அமைத்திருக்கும் நிறுவனம், அந்த மாதச் சந்தாவைக் காப்பாற்றிக்கொண்டு அந்த வாடிக்கையாளரை நிரந்தரமாக இழக்கிறது. எளிதாக விலக முடிந்தவர் வசதிப்படும்போது திரும்பி வருகிறார்.

தரவு விஷயத்திலும் இதே நேர்மை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், தன் கைபேசிகளில் இயங்கும் செயலிகள் பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடரும் முன் அவருடைய அனுமதியைக் கேட்க வேண்டும் என்று மாற்றியது. பின்தொடர்ந்து விற்கும் வழி குறுகிக்கொண்டே வருகிறது. பிறந்தநாளைக் கேட்கிறீர்களென்றால் எதற்கென்று சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாத தகவலைக் கேட்க வேண்டாம்.

படி 8: சரியானதை அளந்து பாருங்கள்

பார்வைகளும் விருப்பக் குறிகளும் எளிதில் கிடைக்கும் எண்கள். அதனாலேயே அறிக்கைகளில் அவை முதல் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சரிபார்த்து வாங்கும் தலைமுறையிடம் வேறு எண்கள் உதவும். உங்கள் பெயரோடு எந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடுகிறார்கள், முதல் முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் திரும்பினார்கள், குறை சொன்னவர்களில் எத்தனை பேர் மீண்டும் வாங்கினார்கள், பொருளைத் திருப்பி அனுப்பியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பவற்றை மாதந்தோறும் ஒரே பக்கத்தில் எழுதி, விளம்பரப் பிரிவும் சேவைப் பிரிவும் தயாரிப்புப் பிரிவும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இவற்றோடு, பணம் செலுத்தி முடித்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாங்குவதற்கு முன் உங்களை அதிகம் தயங்கவைத்தது எது?" தேர்வுகளைக் கொடுக்காமல், அவரே எழுதுவதற்கு ஒரு வெற்றுப் பெட்டியை மட்டும் வையுங்கள். வரும் பதில்களைச் சுருக்கி எழுதாமல், அவர்களுடைய சொற்களிலேயே படியுங்கள். ஒரே தயக்கம் மீண்டும் மீண்டும் வந்தால், அதற்கான பதிலைப் பொருளின் பக்கத்தில் விலைக்கு அடுத்த வரியாகச் சேர்த்துவிட்டு, அடுத்த மாதம் அந்தத் தயக்கம் பட்டியலில் கீழிறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.